ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் உங்கள் சூப்பர்வைசரோடு பேசுங்கள்

காவிரி டெல்டாவில் மின் ஒப்பந்தக் கடையும் டிசைன் அலுவலகமும் நடத்தும் மூத்த முதலாளிகளுக்கு,

வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் உங்களில் சிலரையாவது எனக்கு நேரில் தெரியும். பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து மின் இணைப்புகளைப் பிரிக்கும் டி.பி. பெட்டியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அது அவர்கள் தப்பும் இல்லை, படிக்கவைத்து அனுப்பியதே நீங்கள்தான். "உங்களுக்கப்புறம் கடையை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டால் இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று, முடிகிற வரைக்கும் ஓட்டிவிட்டு ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். இன்னொன்று, கடை இருக்கிற இடம் நல்ல விலைக்குப் போகும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. கடையை அதில் வேலை பார்ப்பவர்களுக்கே விற்கலாம். அப்படி விற்கப்பட்ட அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறேன், வருஷக் கடைசியில் பங்குதாரராகக் கையெழுத்தும் போடுகிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் எலெக்ட்ரிக்கல் டிசைனர். டிப்ளமோ முடித்த கையோடு, "டிராயிங் போட ஒரு பொண்ணு வேணும்" என்று தேடிக்கொண்டிருந்த கும்பகோணத்து அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே அலுவலகம்தான். அரிசி ஆலை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, இறால் பண்ணை என்று எது வந்தாலும் லோடு எவ்வளவு, கேபிள் என்ன சைஸ், பேனல் எங்கே நிற்கும், மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பிட் எத்தனை என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் சைட்டுக்குப் போனால், "சார் வரலையாம்மா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இப்போதும் சில இடங்களில் பார்க்கிறார்கள், பழகிவிட்டது.

கடையின் மதிப்பு என்ன என்று உங்களைக் கேட்டால் கோடவுனைக் காட்டுவீர்கள். வயர் சுருள், மிச்சக் கேபிள், பழைய ஸ்டார்ட்டர், வரவேண்டிய பாக்கி. எல்லாம் சேர்ந்தாலும் பெரிய தொகை வராது. உங்கள் கடையின் உண்மையான சொத்து உங்கள் ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. கும்பகோணத்துக் களிமண்ணில் ஈரம் நிற்கும், எர்த் ரெசிஸ்டன்ஸ் (குறைவாக இருந்தால்தான் நல்லது) சுலபமாக இறங்கிவிடும். கோடையில் மண் வெடிப்பு விட்டால் அதே பிட் ஏறிக் காட்டும். நாகப்பட்டினம் பக்கம் உப்பு மண்ணில் ரீடிங் இன்னும் நன்றாகவே வரும், ஆனால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புப் பைப்பை அந்த மண் சில வருஷங்களில் தின்றுவிடும். எந்த மண்டபத்தில் எந்த மூலையில் பிட் போட்டோம், எந்த மில்லில் நியூட்ரல் தொந்தரவு கொடுக்கும், எந்த ஊர் லைனின் கடைசி ஆதலால் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும் என்பதெல்லாம் எந்த டிராயிங்கிலும் இல்லை. உங்கள் சூப்பர்வைசர் சைக்கிளில் போன காலத்திலிருந்து சேர்த்துவைத்தது அது. நீங்கள் ஷட்டரை இறக்கும் நாளில் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அந்த ஊர் விவரமும் அவரோடு போய்விடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்வாரியத்து ஆட்கள் இரவு பகல் பார்க்காமல் கம்பம் நட்டார்கள், வெளி மாநிலத்திலிருந்தும் வந்து நட்டார்கள். அதைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் நனைந்து கிடந்த பேனலையும் மோட்டாரையும் யார் சரிசெய்தார்கள் என்று அதிகம் பேர் எழுதவில்லை. உங்கள் கடை ஆட்கள்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓட, மில்லில் நெல் புழுங்கிப் போகாமல் இருக்க, தங்கள் வீட்டுக் கூரை போனதைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தார்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒப்பந்ததாரர் உரிமம் சுவரில் உங்கள் கடைப் பெயரோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. தகுதிச் சான்று வைத்திருக்கும் சூப்பர்வைசரும் வயர்மேனும் வேலையில் இல்லாமல் அந்த உரிமம் நிற்காது. சூப்பர்வைசரின் சி லைசென்ஸில், அதாவது அந்தச் சான்றில், உங்கள் கடை ஓடுகிறது. அவருக்கு அதில் ஒரு பங்குகூட இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் படுகிறது.

எங்கள் அலுவலகத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். தியாகக் கதை எதுவும் கிடையாது. எங்கள் முதலாளி நல்ல விலை வாங்கிக்கொண்டுதான் போனார்.

கஜா போன அடுத்த வருஷம் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. தேறி வந்ததும் ஆடிட்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தனி முதலாளி பெயரில் இருக்கும் கடைக்குத் தனி உயிர் கிடையாது, முதலாளியோடு அதுவும் முடிந்துவிடும். ஜி.எஸ்.டி. பதிவும் வங்கி ஓ.டி.யும் (மிகைப்பற்றுக் கடன்) அவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. முதலில் எல்லாரையும் பார்ட்னராகச் சேர்த்து எல்.எல்.பி. என்கிற கூட்டு நிறுவனம் போடலாம் என்றுதான் பேச்சு வந்தது. ஆடிட்டர் ஒரு விஷயத்தைச் சொன்னார். பார்ட்னர் ஆகிவிட்டால் சட்டத்தின் கண்ணில் நாம் ஊழியர் இல்லை. அப்புறம் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கிடையாது. எங்கள் மூத்த வயர்மேன் அண்ணன், "அப்ப எனக்கு ஓனரே வேணாம் சார்" என்று எழுந்துவிட்டார். அதனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கினோம். கம்பெனியில் ஒருவர் பங்கும் வைத்திருக்கலாம், சம்பளப் பட்டியலிலும் இருக்கலாம். செலவு கூடுதல்தான். விற்றுவரவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கம்பெனிக்கு வருஷா வருஷம் ஆடிட் கட்டாயம்.

இங்கேதான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் வருகிறது. தனி முதலாளிக் கடையைக் கம்பெனியாக மாற்றும்போது மூலதன ஆதாய வரி விழாமல் இருக்க வருமானவரிச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. கடையின் சொத்து, கடன் இரண்டும் முழுசாகக் கம்பெனிக்குப் போக வேண்டும். அதற்கு ஈடாகப் பங்குகளைத் தவிர வேறு எதையும் முதலாளி வாங்கக்கூடாது. ஓட்டுரிமையில் பாதிக்குக் குறையாமல் அவரிடம் 5 வருஷம் இருக்க வேண்டும். அதாவது இன்றைக்கு முடிவெடுத்தால் முழுசாகக் கைமாற 5 வருஷம் ஆகும். அறுபத்திரண்டில் ஆரம்பிப்பவர் அறுபத்தேழில் நிம்மதியாக வெளியே வரலாம். எழுபத்தைந்தில் ஆரம்பித்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மடலை இந்த வருஷமே எழுத வேண்டியிருந்தது.

அந்த 5 வருஷத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்குகள் எங்களிடம் படிப்படியாக வந்தன. சிலவற்றைப் பணம் கட்டி வாங்கினோம், சிலவற்றை வேலைக்காலத்தைப் பார்த்துச் சலுகை விலையில் கொடுத்தார்கள். சலுகை விலையில் பங்கு வாங்கினால், சந்தை மதிப்புக்கும் நாம் கட்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். கையில் காசு வராமலே வரி. எங்களில் யாருக்கும் இது முன்கூட்டித் தெரியாது, முதல் தடவை பிடித்தம் வந்தபோது ஆபீஸில் ஒரே கூச்சல். உங்கள் ஆட்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

5 வருஷம் முடிந்ததும் மீதிப் பங்கை முதலாளி எங்களுக்கு விற்றார். விலையை மதிப்பீட்டாளர் போட்டுக் கொடுத்தார். எங்களிடம் அவ்வளவு பணம் ஏது? தவணையில் கொடுக்கிறோம். வருஷா வருஷம் வரும் லாபத்திலிருந்து அவருக்குப் போகிறது. கிட்டத்தட்ட ஓய்வூதியம் மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. அமெரிக்காவில் லூயிஸ் கெல்சோ என்ற வக்கீல் 1956ல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்துக்குச் செய்துகொடுத்ததும் அடிப்படையில் இதே யுக்திதான்: ஊழியர் தன் சேமிப்பைக் கரைக்காமல், நிறுவனத்தின் வருங்கால லாபத்தை வைத்தே முதலாளிக்கு விலை கொடுப்பது. 1974ல் அங்கே அதற்குச் சட்டமே வந்தது. பிரிட்டனில் 2014லிருந்து, பெரும்பான்மைப் பங்கை ஊழியர் அறக்கட்டளைக்கு விற்கிற முதலாளிக்கு வரிச் சலுகை உண்டு. நம் ஊரில் அந்த மாதிரிச் சலுகை எதுவும் இல்லை. ஆனால் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவும் இல்லை.

வங்கிதான் எங்களைப் படுத்தியது. ஓ.டி.க்கு முதலாளியின் வீட்டுப் பத்திரம் ஈடாக இருந்தது. அவர் விலகும்போது பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அதற்குப் பதில் வேறு ஈடு வேண்டும் என்றார்கள். சிறு தொழில்களுக்குச் சொத்து ஈடு இல்லாமல் கடன் கிடைக்கச் செய்யும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "பாக்கலாம் மேடம்" என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் கிடைத்தது. இருந்தாலும் இயக்குநர்கள் தனிப்பட்ட முறையிலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த இயக்குநர்களில் நானும் ஒருத்தி.

வீட்டில் அன்றைக்குப் பெரிய பேச்சு. "சம்பளத்துக்குப் போறவ எதுக்குக் கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடணும்?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏற்கெனவே பங்கு வாங்குவதற்காக என் வளையல்கள் வங்கிப் பெட்டகத்துக்குள் போயிருந்தன. என் கணவர் தனியார் பள்ளியில் ஆசிரியர், அவர் சம்பளம் எந்த வருஷம் நிற்கும் எந்த வருஷம் ஏறும் என்பது பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கம்பெனி கவுந்தா நம்ம வீடு போகுமா?" அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. கையெழுத்திடும் தொகை எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கையில் இருக்கும் ஆர்டர் எவ்வளவு என்று மூன்று பேரும் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். மாமியார்தான் கடைசியில், "அந்த ஆஸ்பத்திரிக்காரன் பாக்கியை முதல்ல வசூல் பண்ணு, அப்புறம் கையெழுத்துப் போடு" என்றார். அப்படியே செய்தேன். இன்றைக்கு எங்கள் கம்பெனியில் பாக்கி வசூலைப் பற்றி அவர் அளவுக்கு அக்கறையாக விசாரிக்கிற பங்குதாரர் யாரும் இல்லை.

சொந்த வாழ்க்கை சுகமாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் முன்பு எடுக்காமல் இருக்கலாம், இப்போது மனசு கேட்காது. பிரசவ விடுப்பு எடுத்தபோது என் வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறேன் என்பது பைசா சுத்தமாகத் தெரியும். அந்த விடுப்புக்கு ஓட்டுப் போட்டவர்களே அந்தச் சுமையைத் தூக்கினார்கள். எல்லாருடைய சம்பளமும் எல்லாருக்கும் தெரியும், அதனால் வயர்மேனுக்கும் டிசைனருக்கும் இடையே ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று வருஷா வருஷம் பஞ்சாயத்து நடக்கும். தீபாவளிக்கு லாபத்தைப் பிரித்துக் கொடுப்பதா, சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்குவதா என்பதில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். எங்கள் இளம் டிசைனர் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இன்னொரு கூத்து. "மாப்பிள்ளை ஓனரா, ஸ்டாஃபா?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும்தான் என்றதும், எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். (வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, கவலை வேண்டாம்.)

ஆனால் வேலை மாறியிருக்கிறது. அதை ஒரு பண்ணையை வைத்துச் சொல்கிறேன். வேதாரண்யம் பக்கம் ஒரு இறால் பண்ணை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் 2 குதிரைத்திறன் ஏரேட்டர் பன்னிரண்டு, மீட்டரிலிருந்து குளம் 300 மீட்டர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். அலுமினியம் கேபிள் 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்தத் தூரத்துக்கு வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் விழும். விதிப்படி மோட்டார் லோடுக்கு மொத்தமே 5 சதவீதம்தான். 50 போட்டால் 4 சதவீதத்துக்குள் நிற்கும். லைனின் கடைசியில் இருக்கும் அந்த ஊரில் உள்ளே வரும் வோல்டேஜே குறைச்சல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ராத்திரியில் ஏரேட்டர் நின்றால் தண்ணீரில் ஆக்ஸிஜன் இறங்கி, விடிவதற்குள் குளத்து இறால் மொத்தமும் செத்துவிடும். போட்டிக் கொட்டேஷன் 25ல் வந்திருந்தது.

பழைய நாளாக இருந்தால், "சார் என்ன சொல்றாரோ அதை வரைஞ்சிடுவோம்" என்று விட்டிருப்பேன். ஆர்டர் போனால் முதலாளிக்குத்தானே நஷ்டம். இப்போது ஆர்டர் போனாலும் எனக்கு நஷ்டம், மோட்டார் சுருள் எரிந்து ராத்திரி போன் வந்தாலும் எனக்குத்தான் நஷ்டம். நானும் வயர்மேன் அண்ணனும் நேரில் போய்ப் பண்ணைக்காரரிடம் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினோம். 50 போட்டோம். ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் ஏ.எம்.எஃப். பேனலையும் அவரே கேட்டு வாங்கினார். கேபிளை இழுக்கிற ஆளும் கணக்குப் போடுகிற ஆளும் ஒரே கம்பெனியின் பங்குதாரர்கள் என்பதால் வந்த வித்தியாசம் இது. சைட்டில் டிராயிங்கை மாற்ற வேண்டுமென்றால் இப்போது எனக்குப் போன் வருகிறது. முன்பெல்லாம் மாற்றிய பிறகுதான் தகவல் வரும், சில சமயம் அதுவும் வராது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "தொழில் கத்துக்கிட்டு அவனே நாளைக்கு எதிர்க் கடை போடுவான்." ஐயா, இப்போதே போடத்தானே செய்கிறார்கள்? இந்த ஊரில் இருக்கும் பாதி எதிர்க் கடைகள் உங்களிடம் பதினைந்து வருஷம் இருந்து, இதற்கு மேல் ஏறப் படி இல்லை என்று தெரிந்து வெளியே போனவர்கள் போட்டவைதானே? போகாமல் இருக்க ஒரு காரணம் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

"வேலைக்காரனுக்கு நிர்வாகம் வராது" என்பது அடுத்தது. கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் 1925ல் கூலித் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஊராளுங்கல் சங்கம் நூறு வருஷமாகச் சாலையும் பாலமும் கட்டுகிறது, கோழிக்கோட்டில் ஐ.டி. பார்க் கூட நடத்துகிறது. காபி வாரியம் வேலையை விட்டு அனுப்பியவர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சொன்னதைக் கேட்டுச் சங்கம் அமைத்து நடத்தியதுதான் இந்தியன் காபி ஹவுஸ். எல்லாமே ஜெயித்தது என்றும் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் மோன்ட்ராகன் கூட்டுறவுக் குழுமத்தைச் சேர்ந்த ஃபாகோர் என்ற வீட்டு உபயோகச் சாதன நிறுவனம் 2013ல் திவாலானது. தொழிலாளர் கையில் இருந்தும் சந்தை அதைக் காப்பாற்றவில்லை. எங்கள் ஒப்பந்தத்தில், ஒருவர் தன் மொத்தச் சேமிப்பையும் கம்பெனிப் பங்கில் போடக்கூடாது என்ற வரி அதைப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தது.

பங்கு போட்டு முதல் திரட்டுவது கும்பகோணத்துக்காரர்களுக்குப் புதிதா? இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904ல் இங்கே கும்பகோணம் வங்கியாகத்தான் தொடங்கியது. அதற்கும் முன்னால் தஞ்சை ஜில்லாவில் ஊர் நிலத்தைக் கரையீடு முறையில் பங்கு பிரித்து மாற்றி மாற்றி அனுபவித்தார்கள். ஆனால் அந்தப் பங்கு மிராசுதாருக்கு. சேற்றில் இறங்கியவருக்கு அதில் இடமில்லை. உழுத குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபடி வெளியேற்ற முடியாது, விளைச்சலில் அவர்களுக்கு இவ்வளவு என்று சொல்ல 1952ல் தஞ்சாவூருக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. என் தாத்தா அந்தச் சட்டத்துக்கு முன்பும் பின்பும் பண்ணையில் வேலை செய்தவர். அவர் பேத்தி ஒரு கம்பெனியின் பங்குப் பத்திரத்தில் பெயர் வைத்திருப்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. உங்கள் கடையில் இப்படி ஒரு மாற்றத்துக்குச் சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் நினைத்தால் போதும்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் கடையில் நீண்ட நாள் இருப்பவர்களின் கிராஜுவிட்டியைக் கணக்குப் போடுங்கள், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். பத்துப் பேராவது வேலை பார்த்த கடையானால், அது ஏற்கெனவே நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம். பலருக்கு அந்தத் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும், அதற்கு ஒதுக்கிவைக்காமல் கடையின் விலையைப் பேசினால் பேச்சு முறிந்துவிடும். கடை இடம் உங்கள் சொந்தம் என்றால் அதைக் கம்பெனிக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா, உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடலாமா என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இதைப் போனில் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் பொங்கலுக்கு வரும்போது நேரில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் முதலாளியின் மகள் முதலில் கோபப்பட்டார். தவணை ஒழுங்காக வருவதைப் பார்த்த பிறகு இப்போது அவரே அப்பாவிடம், "ஏன் இன்னும் அஞ்சு வருஷம் முந்தியே செய்யலை?" என்கிறாராம்.

எங்கள் கம்பெனி விதிகள், பங்கு விலையை ஒவ்வொரு வருஷமும் எப்படிப் போடுகிறோம், விலகிப் போகிறவர் பங்கை யார் எந்த விலைக்கு வாங்க வேண்டும் என்ற ஒப்பந்தம், தவணைப் பத்திரம் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. இதில் எங்களுக்குத் தொழில் ரகசியம் எதுவும் இல்லை. கேட்கிற கடைக்காரருக்குக் காட்டலாம் என்று கூட்டத்தில் தீர்மானமே போட்டிருக்கிறோம். எந்தச் சனிக்கிழமை மத்தியானமும் வரலாம், முழுசாகப் படித்துப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, வரும்போது உங்கள் சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். தனியாக வந்தால் டிகிரி காபி உண்டு, கோப்பு கிடையாது.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு எலெக்ட்ரிக்கல் டிசைனர், பங்குதாரர்